மஞ்சள் பட்ட உறை

அத்தியாயம் பதினான்கு

டெண்டர் பெட்டிக்குள் நவமணியின் உறை விழுந்து இன்றோடு பதினோரு நாள். அத்தனை நாளும் அவள் சோற்றைப் பிசைந்தாளே தவிர, சாப்பிட்டாள் என்று சொல்ல முடியாது.

புக்கிட் கெலாடி சின்ன ஊர். சுங்கை சிப்புட்டைத் தாண்டிப் போகிற பஸ் அங்கே இரண்டு நிமிடம் நின்றால் அதிகம். ஆனாலும் அதற்கென்று ஒரு கவுன்சில் இருந்தது. கவுன்சிலுக்குப் பதினாறு மைல் சாக்கடையும், அதன் இரு கரையிலும் முழங்கால் உயரப் புல்லும் இருந்தன. அவற்றை மூன்று வருடம் சுத்தமாக வைத்திருக்கும் குத்தகைக்குத்தான் இந்த 1979 பிறந்ததும் டெண்டர் கேட்டிருந்தார்கள்.

ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது லயத்து வீடுகளை விட்டு வெளியேறிய ஒன்பது பெண்கள், ஐந்து வருடமாக லோரிக்காரர் பத்துமலையிடம் கூலிக்கு நின்று அந்தப் புல்லை வெட்டி வந்தார்கள். குத்தகை பத்துமலையின் பெயரில். ஆனால் ஆளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்ததும், வெட்டிய இடத்தை நடந்து அளந்ததும், மழை நாளுக்குச் சம்பளம் கேட்டுச் சண்டை போட்டதும் நவமணி. “நாமளே கேட்டா என்ன?” என்று ஒரு நாள் அவள் வாயில் வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த ஒன்பது பேரும் அவளை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினார்கள். அந்தப் பார்வைதான் அவளுக்குச் சோறு இறங்கவிடவில்லை.

செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு என்று சொன்ன முடிவு மத்தியானமாகியும் ஒட்டப்படவில்லை. கவுன்சில் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் அவளும் ராக்காயியும் நின்றிருந்தார்கள். ஒன்பது பேரில் மூத்தவள் ராக்காயி. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, காலில் லோங்காங் என்று அவர்கள் சொல்லும் சாக்கடையின் சேறு. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

“ஒரு பேப்பர் ஒட்ட இவனுங்க இவ்வளவு நேரம் எடுத்தா, லோங்காங் கழுவ நாம எவ்வளவு நேரம் எடுக்கலாம்லா?” என்றாள் ராக்காயி.

நவமணி சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

பியூன் வந்தான். நான்கு மூலையிலும் ஊசி குத்தினான். போனான்.

நான்கு பெயர்கள். முதலில் பத்துமலை. அவர் பெயருக்கு எதிரே வட்ட முத்திரை. கடைசியில் நவமணி. அவள் பெயருக்கு எதிரே விலைகூட இல்லை. ஒரே ஒரு மலாய்ச் சொல்.

“என்ன எழுதியிருக்கு?”

“பாத்தால்” என்றாள் நவமணி. “செல்லாதுன்னு.”

“செல்லாதுன்னா? காகிதமா, நாமளா?”

சிலருக்குக் கோபம் வந்தால் உடம்பு சூடாகும். அவளுக்கு விரல் நுனிகள் சில்லிட்டுப் போகும். குரல் ஏறாது, இறங்கும். கல்யாணமான பதினாறு வருடத்தில் அந்தக் குரலைக் கேட்டவர்கள் அதைப் பணிவு என்றே எடுத்துக்கொண்டார்கள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், இன்று வரைக்கும்.

“நீங்க போயி பாசார் லோங்காங்க முடிங்க அக்கா. நான் கேட்டுட்டு வாரேன்.”

முகப்பில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி லியோனார்ட் உட்கார்ந்திருந்தான். கம்பி வலைக்குப் பின்னால் அவளைக் கண்டதும் எழுந்து நின்றான். மலாய்ப் படிவத்தை வரிக்கு வரி அவளுக்குப் படித்துச் சொன்னவன் அவன்தான். இழுப்பறையைத் திறந்து அந்தப் பழுப்பு உறையை எடுத்து வலைக்கு அடியில் தள்ளினான்.

அரக்கு உடையவில்லை. பிரிக்கவே இல்லை.

நான்கு மூலையிலும் மஞ்சள். நடுவில் குங்குமப் பொட்டு. காய்ந்து, லேசாக உதிர்ந்து, அவள் வைத்தபடியே இருந்தது.

“நாலாம் பக்கம், ஏழாவது வரி அக்கா” என்றான் லியோனார்ட் மெதுவாக. “உறையில டெண்டர் நம்பரத் தவிர எந்தக் குறியும் இருக்கக் கூடாது. இருந்தா யாரோட உறைன்னு போர்டுல உள்ளவங்களுக்குத் தெரிஞ்சிடும்னு...”

“நீதான் படிச்சிக் காட்டின.”

“ஆமாக்கா.”

அவளும் கேட்டாள். தலையாட்டினாள். குறி என்றால் பேனாவால் போடுவது, முத்திரை குத்துவது என்று நினைத்தாள். புதுக் கணக்குப் புத்தகத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் மூலைக்கு மூலை மஞ்சள் தடவாமல் யார் வெளியே எடுப்பார்கள்? மஞ்சள் இல்லாத காகிதம்தான் அவளுக்குத் துக்கச் செய்தி. அதைப் போய்க் குறி என்று ஒருவன் சொல்வான் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

“நாங்க கைய வெச்சி ஜெபம் பண்ணியிருப்போம். ஒண்ணும் ஒட்டாது” என்றான் லியோனார்ட். சொன்ன பிறகு அது வேடிக்கைப் பேச்சுக்கு நேரமில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டான். “ஏழு நாளுக்குள்ள ஆட்சேபம் எழுதிக் குடுக்கலாம். ஆனா மஞ்சள் இருக்கிறது உண்மைதானே அக்கா. என்னன்னு எழுதுவீங்க?”

“யாரு கண்டுபிடிச்சா?”

“அத நான் சொல்லக் கூடாது.”

“சொல்ல வேணாம்.”

அவன் வலது பக்கம் பார்த்தான், இடது பக்கம் பார்த்தான். “மத்தவங்க கறிக் கறைன்னு நெனச்சி விட்டுட்டாங்க அக்கா. பிரிக்கக் கத்தியக்கூட எடுத்துட்டாங்க. ஒருத்தருதான், இது கறை இல்ல, அடையாளம்னு விளக்கம் குடுத்தாரு.”

டெண்டர் போர்டில் ஐந்து பேர். அந்த ஐந்து பேரில் மஞ்சள் என்னவென்று தெரிந்தவர் ஒருவர்தான்.

அவர் நவமணியின் கணவருக்கு உடன்பிறந்த அண்ணன்.

*

அந்த அண்ணன், கவுன்சிலர் சதாசிவத்தின் வீடு புது வரிசை வீடுகளில் கோடி வீடு. வெயிலில் முக்கால் மைல் நடந்து போனாள் நவமணி. நடக்க நடக்க, உறையைப் பெட்டியில் போடுவதற்கு முந்தைய புதன்கிழமை சாயங்காலம் துண்டு துண்டாகத் திரும்பி வந்தது.

புதிதாக எது தொடங்கினாலும் மூத்தவர் வீட்டுச் சாமி மேடையில், மாமனார் படத்துக்கு முன்னால் வைத்து எடுப்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். அவள் கணவர் பழனியப்பனின் லைசென்ஸ், வேன் சாவி, பிள்ளைகளின் பள்ளிச் சட்டை எல்லாம் அங்கே போய்த்தான் வந்தன. உறையும் போனது. நவமணி மஞ்சளைக் குழைத்தாள். நாலு மூலைக்கும் வைத்தாள். சதாசிவம் பக்கத்திலேயே கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். திருநீறு பூசிவிட்டு, “நல்லா வரும்மா” என்றார்.

நல்லா வரும்மா. அதைச் சொன்ன வாய்தான் கறை இல்லை, அடையாளம் என்றும் சொல்லியிருக்கிறது.

அவளுக்கு அவர்மேல் வந்ததைவிடத் தன்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. பத்துமலையின் மகன் சீனிக்கும் சதாசிவத்தின் மூத்த மகளுக்கும் அடுத்த மாதம் கல்யாணம். சம்பந்தியாகப் போகிறவரை எதிர்த்து விலை போட்டுவிட்டு, அந்த உறையை ஆசீர்வாதத்துக்கு அங்கேயே தூக்கிக்கொண்டு போனாள். யாராவது செய்வார்களா? அவள் செய்தாள். ஏனென்றால் அந்த வீட்டில் நல்ல மருமகள் என்று பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆசை, முப்பத்தாறு வயதிலும் அவளுக்கு விட்டபாடில்லை.

கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் பாய் விரித்து அவர் மனைவி நல்லம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஈப்போவில் அச்சடித்து வந்த கல்யாணப் பத்திரிகைகள் கட்டுக் கட்டாக இருந்தன. அவள் ஒவ்வொன்றையும் எடுத்து, கிண்ணத்தில் விரலைத் தொட்டு, மூலைக்கு மூலை மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தாள்.

“வா நவமணி! நல்ல நேரத்துக்கு வந்த. முந்நூறு பத்திரிகை, ஒத்த ஆளா ஒக்காந்திருக்கேன். அந்தப் பக்கக் கட்ட எடு.”

நவமணி எடுக்கவில்லை. “மாமா இருக்காரா அக்கா?”

சதாசிவம் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே சமையல்கட்டிலிருந்து வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அவளைப் பார்த்ததும் முகத்தில் ஒரு வருத்தத்தைக் கொண்டுவந்தார். தயாராக வைத்திருந்த வருத்தம்.

“கேள்விப்பட்டேம்மா. சட்டம் அப்படி. நான் என்ன செய்ய முடியும்?”

நவமணி பைக்குள்ளிருந்த உறையை எடுத்துப் பத்திரிகைக் கட்டின்மேல் வைத்தாள். மஞ்சளும் மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. நல்லம்மாளின் கை கிண்ணத்திலேயே நின்றுவிட்டது.

“பிரிக்கவே இல்ல மாமா. கறிக் கறைன்னு விடப் பாத்தாங்களாம்.”

“யாரு சொன்னா? அந்த லியோனார்டா?”

“போர்டுல இருக்கிற சீனனுக்கும் மலாய்க்காரனுக்கும் இது அடையாளம்னு எப்படித் தெரியும்? எனக்கும் மூளை இருக்கு மாமா.”

அவளிடமிருந்து இப்படி ஒரு வாக்கியத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இங்க பாரு. நான் பேசாம இருந்து, உனக்குக் கெடைச்சி, பெறகு எவனாவது மஞ்சளக் காட்டி, தம்பி பொண்டாட்டிக்காகக் கண்ண மூடிட்டான்னு பெட்டிஷன் போட்டா? என் நேர்மை என்னாகும்? அதான் நானே முந்திக்கிட்டுச் சொன்னேன்.”

“சம்பந்திக்குப் போச்சே, அது நேர்மையில சேருமா?”

“நவமணி!” நல்லம்மாள் எழுந்துவிட்டாள். “கல்யாண வூட்டுல நின்னுக்கிட்டு என்ன பேச்சு பேசுற? உன் புருஷனுக்கு வேன் வாங்க ஜாமீன் போட்டது யாரு? உன் மவனுக்குப் பள்ளிக்கூடத்துல எடம் வாங்கிக் குடுத்தது யாரு?”

“மாமாதான் அக்கா. மறக்கல. அதுக்காகத்தான் இந்த உறையத் தூக்கிக்கிட்டு இங்க வந்தேன்.” நவமணியின் குரல் இன்னும் இறங்கியது. “புதன்கெழமை கற்பூரத் தட்டப் புடிச்சிக்கிட்டு நின்னீங்களே மாமா. ஒரு மூலைக்கு வெச்சேன், பாத்தீங்க. ரெண்டு வெச்சேன், பாத்தீங்க. நாலும் வெச்சி முடிச்சேன். வேணாம்மா, வேற உறை மாத்திக்கன்னு ஒரு வார்த்த. அப்ப உங்க நேர்மை சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்துச்சா?”

சதாசிவம் முகம் கறுத்தது. கவுன்சிலில் அவரை யாரும் இப்படிப் பேசியதில்லை. வீட்டில் நினைத்தும் பார்த்ததில்லை. மேசையைத் தட்டினார்.

“சொன்னேன்! சொல்லலேன்னு யாரு சொன்னது? வியாழக்கெழமையே சொல்லியாச்சு. போயி உன் புருஷனக் கேளு!”

“என்னங்க!” என்றாள் நல்லம்மாள்.

ஒரே ஒரு சொல்தான். ஆனால் அதைச் சொன்ன வேகத்தில் சதாசிவம் வாயை மூடிக்கொண்டார். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏன் அப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று யோசிக்கும் நிலையில் நவமணி அப்போது இல்லை. உறையை எடுத்துப் பைக்குள் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினாள்.

*

தெருவில் அவளுக்கு யாரும் கண்ணில் படவில்லை. இவ்வளவு நேரம் கோபத்துக்கு ஒரு முகவரி இருந்தது. அங்கே போய் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பலாம் என்று இருந்தாள். இப்போது அதைத் தன் வீட்டுக்கே சுமந்துகொண்டு போகிறாள்.

வெள்ளிக்கிழமை காலையில் உறையைப் பெட்டியில் போட்டது பழனியப்பன். அவள் பெண்களோடு பாலத்துச் சாக்கடையில் நின்றாள். “நீங்க போட்டுடுங்க, பன்னெண்டு மணிக்குள்ள” என்று அவர் கையில் கொடுத்தாள். போட்டுவிட்டு வந்து, “போட்டாச்சு” என்றார். அவ்வளவுதான். அன்று மத்தியானம் அவர் பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்ததை இப்போது நினைத்தாள். தலைவலி என்றார். அவள் தைலம் தேய்த்துவிட்டாள்.

வீட்டு வாசலில் வேன் நின்றது. மூன்று மணி தாண்டியிருந்தது. உள்ளே பழனியப்பன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும், “ரிசல்ட் ஒட்டிட்டாங்களாமே” என்றார், சோற்றைப் பார்த்துக்கொண்டே.

மேசையின் ஓரத்தில் ஒரு புதிய செக்ரோல் புத்தகம் இருந்தது. காலைப் பெரட்டில் ஆள்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டுக் குறிக்கும் புத்தகம். அட்டையில் பத்துமலையின் முத்திரை. நவமணி அதைப் பிரித்தாள். அடுத்த மாதம் முதல் தேதி போட்டிருந்தது. கீழே வரிசையாகப் பெயர்கள், பழனியப்பனின் உருண்டை உருண்டையான கையெழுத்தில். ராக்காயி, மாரியம்மா, முத்தம்மா... ஒன்பது பேர்.

பத்தாவதாக நவமணி.

அவள் அந்தப் பத்தாவது வரியின்மேல் விரலை வைத்தாள். தன் பெயரை அவர் இவ்வளவு அழகாக எழுதி இதற்குமுன் அவள் பார்த்ததில்லை.

“உங்க அண்ணன் வியாழக்கெழமை என்ன சொன்னாரு?”

பழனியப்பன் நிமிர்ந்தார். பொய் சொல்ல வாய் திறந்தது தெரிந்தது. பிறகு, எதனாலோ, சொல்லவில்லை.

“ஆ சூன் கடைக்குப் போன் பண்ணாரு. உறை செல்லாதுன்னாரு. மாத்தறதுன்னா மாத்திக்க, மாத்தாட்டி பத்துமலைகிட்ட ஆளுங்கள மேய்க்கிற தண்டல் வேல இருக்கு, மாசச் சம்பளம், உன் இஷ்டம்னாரு.”

“மாத்தல.”

“பெட்டிக்கு முன்னால அரைமணி நேரம் நின்னேன், நவமணி. எதிர்க் கடையில புது உறை பத்துக் காசு. பாக்கெட்டுல காசு இருந்துச்சு.”

“ஏன்?”

அவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு பேசினார். “தோட்டத்துல நான் காலையில நடந்து வந்தா நூத்தம்பது பேரு பெரட்டுல நிமிந்து நிப்பாங்க. தண்டல் வாராருன்னுவாங்க. இப்ப நான் யாரு? புல்லு வெட்டுற பொம்பளைங்கள ஏத்தி எறக்குறவன். நவமணி வேன் டிரைவர். கோப்பிக் கடையில அப்படித்தான் கூப்புடுறானுங்க, எனக்குக் கேக்குற மாதிரி. நீ மூணு வருசக் குத்தகை எடுத்துட்டா, மூணு வருசம் நான் அதான்.”

வழக்கம்போல அவளுக்குள் ஒரு இரக்கம் கிளம்பியது. தோட்டம் போன பிறகு இந்த மனிதர் எப்படிச் சுருங்கிப்போனார் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அவர் மனம் நோகாமல் இருக்கத்தான் பத்துமலை கொடுத்தனுப்பும் சம்பளத்தைப் பெண்களுக்கு அவர் கையால் கொடுக்கச் சொன்னாள். அவர் சொல்லி அவள் கேட்பது போல் நாலு பேர் முன்னால் நடந்துகொண்டாள். அந்த இரக்கத்தின்மேல் ஏறி நின்றுதான் அவர் உறையைப் பெட்டிக்குள் போட்டிருக்கிறார். முதல் முறையாக நவமணி அதைக் கிளம்பிய இடத்திலேயே அழுத்தினாள்.

“ஒம்பது பேருல அஞ்சு பேருக்குச் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்ல. ஜெலாப்பாங் பேக்டரியில வாசலுக்குள்ளகூட விட மாட்டான். திரும்ப பத்துமலைகிட்ட அரைக் கூலிக்குப் போயி நிக்கணும். அதுவும் தெரியும்தானே உங்களுக்கு?”

“நான் நல்லா பாத்துக்குவேன் அவங்கள. உன்னையும்தான். உனக்குச் சுலபமான எடமாப் போட்டுக் குடுப்பேன்.”

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவள் செக்ரோல் புத்தகத்தை மூடி வைத்ததைப் பார்த்து, சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்தார் போலிருக்கிறது. குரலைத் தணித்தார். “ஒண்ணு மட்டும் நவமணி. அண்ணன் போன் பண்ணது வெளிய தெரியக் கூடாது. போர்டுல இருக்கிறவரு, பெட்டி மூடறதுக்கு முன்ன, டெண்டர் போட்டவங்க வூட்டுல பேசுனாருன்னா பதவி போயிடுமாம். டெண்டரையே ரத்து பண்ணி மறுபடி கூப்புடுவானுங்களாம். மூச்சு விடாதேன்னு அண்ணன் சொல்லியிருக்காரு.”

“என்னங்க!” என்று நல்லம்மாள் ஏன் கத்தினாள் என்பது நவமணிக்கு அப்போதுதான் புரிந்தது.

அவள் எதிரே உட்கார்ந்தாள். ரசத்தை அவர் தட்டில் ஊற்றினாள்.

“எத்தன மணிக்குக் கூப்பிட்டாரு?”

“ஆறு, ஆறே கால் இருக்கும். ஆ சூன் கடைய அடைக்க பலகை போட்டுக்கிட்டு இருந்தான்.”

“போன எடுத்தது அவனா?”

“அவன்தான். உன் கவுன்சிலர் அண்ணன் லாயர் மாதிரி பேசுறாருன்னு கேலி வேற பண்ணான்.” பழனியப்பன் லேசாகச் சிரித்தார்.

“வேற யாரு இருந்தா கடையில?”

“சன்னாசி மண்ணெண்ண வாங்க வந்தான். நம்ம லயத்துச் சன்னாசி.” சோற்றைப் பிசைந்த கை நின்றது. “ஏன் கேக்குற?”

“எழுதறப்ப நேரம் தப்பாயிடக் கூடாது பாருங்க.”

“எத எழுதறப்ப?”

“கவுன்சில் தலைவருக்கு. ஏழு நாளுக்குள்ள ஆட்சேபம் குடுக்கலாமாம்.”

பழனியப்பன் அவளைப் பார்த்தார். விளையாடுகிறாளா என்று பார்த்தார். பதினாறு வருடம் பார்த்த முகம்தான். “எழுதுனா அண்ணன் பேரு வரும்.”

“வரும்.”

“கல்யாணம் நின்னுடும். அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?”

“ஒண்ணும் பண்ணல. ராக்காயி அக்காவும் ஒண்ணும் பண்ணல.”

“என் பேரும் வருமே நவமணி.” சோற்றுக் கையோடு அவள் பக்கம் குனிந்தார். “புருஷனே பொண்டாட்டியக் கவுத்தான்னு ஊரே சிரிக்கும். என் பேரு வருமே.”

“மொத வரியிலேயே வரும்” என்றாள் அவள்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பது. கவுன்சில் முகப்பை நாலேகாலுக்கு அடைப்பார்கள்; அங்கேயே காகிதம் வாங்கி எழுதிக் கொடுத்துவிடலாம், நாளைக்கு விட்டால் ஆ சூனும் சன்னாசியும் எதையும் கேட்கவில்லை என்பார்கள். அவள் எழுந்தாள். எழும்போது மூட்டு வலித்தது. வாசலில் கிடந்த சைக்கிளை நிமிர்த்தி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

பின்னால் தட்டு தள்ளப்படும் சத்தம். குழாயில் கை கழுவும் சத்தம் இல்லை. கழுவாத கையோடு பழனியப்பன் வாசலுக்கு ஓடிவந்தார். வேன் கதவைத் திறந்தார். அவளைத் தடுக்க வரவில்லை. வேன் திரும்பியது ஆ சூன் கடைப் பக்கம். அண்ணனைக் கூப்பிட அங்கேதான் போன் இருக்கிறது. சதாசிவம் வீட்டிலிருந்து கவுன்சிலுக்குக் காரில் நாலு நிமிடம்.

சைக்கிளில் பதினெட்டு நிமிடம். நவமணி மிதித்தாள்.